வன்னியில் பூட்டிக் கிடக்கும் வீட்டை வாடகை வீடாக்குவது

சுவிஸிலோ கனடாவிலோ கொழும்பிலோ இருப்பவர் ஆடி, ஆவணியில் மூன்று கிழமை வந்து தங்குவதற்கென்று கட்டிய வீடுகள் பரந்தனிலிருந்து வவுனியா வரை ஒழுங்கைக்கு ஒழுங்கை நிற்கின்றன. மிச்சப் பதினொரு மாதமும் கேற்றில் பூட்டுத்தான். பூட்டிய வீட்டுக்குச் செலவில்லை என்று நினைக்கக்கூடாது. ஓடாத தண்ணீர் மோட்டார் ஒரு மாரிக்குள்ளேயே துருவேறி இறுகிவிடும். ஆளரவம் இல்லாத கூரையில் குரங்கு ஓட்டைப் பிரிக்கும். அந்த இடைவெளியால் ஐப்பசி மழை இறங்கும், சிலாகை ஊறும், பின்னால் கறையான் ஏறும். அடுத்த ஆடிக்கு வந்து இறங்கினால் விடுமுறைக் காசு முழுக்க மேசனுக்கும் தச்சனுக்கும் போய்விடும்.

ஆள் குடியிருந்தால் இந்தச் சேதத்தில் பாதி தானாகவே நிற்கும். ஆனால் முதலில் மாபிள் பதித்து, ஏசி பூட்டி, பெயின்ற் அடித்துவிட்டுப் பிறகு ஆள் தேடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் பிழை. மறுவளமாகச் செய்யுங்கள். யாருக்கு விடப்போகிறீர்கள் என்று தீர்மானித்த பிறகே வீட்டில் ஒரு ரூபாய் போடுங்கள்.

யார் வருவார்கள்?

வன்னியில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் நாலு வகைதான். இந்த நாலுக்குள் உங்கள் வீட்டுக்கு ஒருவரும் பொருந்தவில்லை என்றால், ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் நடுவில் காட்டோரம் எவ்வளவு அழகான வீடு இருந்தாலும் வாடகைக்குப் போகாது. அதை நம்பகமான குடும்பம் ஒன்றிடம் பராமரிப்புக்கு விடுவதே இலாபம்.

முதலாவது, இடமாற்றத்தில் வரும் உத்தியோகத்தர்கள்: ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், மருத்துவமனை ஆட்கள். கிளிநொச்சி நகரம், வவுனியா, முல்லைத்தீவு நகரம், மாஞ்சோலை மருத்துவமனைச் சுற்றாடல் ஆகிய இடங்களில்தான் இவர்கள் தேடுவார்கள். வேலைத்தலத்திலிருந்து 3 கிலோமீற்றருக்குள் வீடு, மோட்டார் சைக்கிள் விட மூடிய இடம், உள்ளேயே மலசலகூடம், இவ்வளவும் இருந்தால் போதும். வெள்ளி பின்னேரம் ஊருக்குப் போய்த் திங்கள் விடிய வருகிறவர்கள் பலர், ஆகவே வீட்டுக்குத் தேய்மானம் குறைவு. அரச சேவையின் வருடாந்த இடமாற்றங்கள் பெரும்பாலும் ஜனவரி முதலாம் திகதியோடு நடைமுறைக்கு வரும். வீடு தேடும் அலைச்சல் கார்த்திகை, மார்கழியில் நடக்கும். அந்த மாதங்கள் அடைமழைக் காலம். அப்போது பெயின்ற் காயாது, சுவர் வேலையும் ஓடாது. ஆகவே திருத்தவேலையை ஆவணி, புரட்டாதியோடு முடித்துவிட வேண்டும்.

இரண்டாவது, மாணவர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா பல்கலைக்கழகம் பம்பைமடுவில் இருக்கிறது. மாணவர் போடிங்குக்கு வாடகையைத் தலைக்கணக்கில் வாங்கலாம் என்பதால், மூன்று அறை வீட்டில் ஒரு குடும்பம் தருவதைவிடக் கூட வரும். ஆனால் மலசலகூடக் கதவு, குழாய், ஸ்விற்ச் எல்லாம் இரட்டை வேகத்தில் தேயும். விடுமுறை மாதங்களுக்கு அரை வாடகையா, முழு வாடகையா என்பதைத் தொடக்கத்திலேயே எழுதாவிட்டால் ஒவ்வொரு விடுமுறையும் சச்சரவுதான். தென்னிலங்கைப் பிள்ளைகளும் வருவார்கள். வீட்டு விதிகளைச் சிங்களத்திலும் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்.

மூன்றாவது, நிறுவனங்கள். தொண்டு நிறுவனம், வீதி ஒப்பந்தக்காரர், கண்ணிவெடி அகற்றும் அமைப்பு போன்றவர்கள் முழு வீட்டையும் ஒன்று இரண்டு வருடத்துக்கு எடுப்பார்கள், ஆறு மாத முற்பணமும் தருவார்கள். பதிலுக்குக் காணி உறுதியின் பிரதி, பற்றுச்சீட்டு, வங்கிக் கணக்கு கேட்பார்கள். திட்டம் முடிந்த மாதமே போய்விடுவார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நாலாவது, நாள் வாடகைக்குத் தங்க வருகிறவர்கள். கலியாணத்துக்கு வரும் புலம்பெயர் குடும்பங்கள், வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஆகஸ்ட் 15 மடுத் திருவிழா, ஏ9 வீதியில் இரவு தங்கிப் போகிறவர்கள். காசு கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது இதில்தான். கையில் மிஞ்சுவது எவ்வளவு என்பது கீழே உள்ள கணக்கில் தெரியும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

கீழே உள்ள தொகைகள் உதாரணத்துக்கு மட்டும். உங்கள் ஊர் வாடகையை வைத்து மாற்றிப் போடுங்கள்.

மாத வாடகை 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆள் மாறும் இடைவெளிக்கு ஒரு மாதத்தைக் கழித்தால் வருட வருமானம் 330,000. திறப்பு வைத்திருந்து வீட்டைப் பார்ப்பவருக்கு மாதம் 5,000 வீதம் 60,000. சில்லறைத் திருத்தங்களுக்கு வாடகையில் பத்திலொன்று, 33,000. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை பெயின்ற் 90,000 என்றால் வருடப் பங்கு 30,000. கிணறு, மோட்டார், சோலைவரிக்கு 15,000. மொத்தச் செலவு 138,000; மிச்சம் 192,000. வாடகைக்காக வீட்டில் 12 இலட்சம் போட்டிருந்தால் அது திரும்பி வர ஆறேகால் வருடம் பிடிக்கும். அதே வேலையை 5 இலட்சத்துக்குள் முடித்தால் இரண்டரை வருடத்தை ஒட்டி. ஆடம்பரத்துக்கு வன்னி வாடகையில் கூலி இல்லை.

நாள் வாடகைக்கு வருவோம். இரவுக்கு 6,000, வருடத்தில் 60 இரவு: 360,000. இணையத் தளங்களின் தரகாக 15 சதவீதம், 54,000. இரண்டு இரவுக்கு ஒரு குடும்பம் என்றால் 30 தடவை துப்புரவு, துணி தோய்ப்பு. தடவைக்கு 1,500 வீதம் 45,000. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஒருவர் வீட்டோடு நிற்க வேண்டும். மாதம் 15,000 வீதம் 180,000. மிச்சம் 81,000. இன்னும் மின் கட்டணம் கழியவில்லை. நாள் வாடகை இலாபம் தர இதே விலையில் வருடத்துக்கு 100 இரவாவது வேண்டும். முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கமும் ஏ9 ஓர நகரங்களும் தவிர்ந்த இடங்களில் அது எட்டாக் கனி. பெரும்பாலான வீடுகளுக்கு மாத வாடகைதான் சரி.

காணிப் பத்திரம்

வன்னிக் காணியில் பெரும்பகுதி குடியேற்றத் திட்டங்களில் கொடுத்த பெர்மிட் காணி. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் அனுமதிப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோ உங்களிடம் இருந்தால், உறுதிக் காணி (உறுதி எழுதிய தனியார் காணி) போல நினைத்தபடி குத்தகைக்குக் கொடுக்க முடியாது. முதலில் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போய் உங்கள் பத்திரத்துக்கு என்ன நிபந்தனை என்று கேட்டு, அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். பத்திரம் இன்னும் இறந்துபோன அப்பாவின் பெயரிலேயே இருந்தால், வாடகை பற்றி யோசிக்க முன் பின்னுரிமையைப் பதிந்து பெயரை மாற்ற வேண்டும். வீட்டுத்திட்ட வீடுகளில் பல இந்த வகைக் காணியில்தான் நிற்கின்றன.

உறுதிக் காணி என்றால் இரண்டு கேள்வி. உறுதி கையில் இருக்கிறதா? போரில் தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பதிவைத் தேடி, சான்றுப்படுத்திய பிரதி எடுங்கள். அடுத்தது, பிரிபடாத பங்கா? நாலு சகோதரருக்குச் சேர்ந்த வளவில் ஒருவர் தனியாக வாடகை ஒப்பந்தம் எழுதினால், இரண்டாம் வருடம் லண்டனிலிருக்கும் தங்கச்சி தன் பங்கு வாடகையைக் கேட்பார். கேட்பதும் நியாயம். எல்லோரும் கையெழுத்து வைக்க வேண்டும், அல்லது ஒருவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுக்க வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர் இங்குள்ள ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் அலுவல் பார்க்கும் அதிகாரப் பத்திரம்) கொடுப்பது வழக்கம். அந்த நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி, இங்கே பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதிய வேண்டும். அதில் வாடகைக்கு விடுதல், வாடகை அறவிடுதல், மின்சார அலுவலகத்திலும் பிரதேச சபையிலும் அலுவல் பார்த்தல், வழக்குத் தொடர்தல் என்று வேலைகளைப் பெயர் சொல்லி எழுதுங்கள். விற்கும் அதிகாரத்தையும் சேர்த்துப் பொதுவாக எழுதிக் கொடுக்காதீர்கள். மச்சான்மீது நம்பிக்கை இல்லையா என்று கேட்பார்கள், கேட்கட்டும்.

தண்ணீர்

திருத்தவேலையில் முதற்காசு தண்ணீருக்குப் போக வேண்டும். வன்னியில் வாடகைக்காரர் நடுவில் எழும்பிப் போவதற்குப் பெரிய காரணம், ஆடி ஆவணியில் தண்ணீர் நின்றுபோவது.

ஆளுக்கு நாளுக்கு 150 லீற்றர் என்று கணக்குப் பாருங்கள். ஐந்து பேருக்கு 750 லீற்றர். 1,000 லீற்றர்த் தாங்கி போதும். பத்து மாணவர் என்றால் 2,000 வேண்டும். தாங்கியின் அடி, குளிக்கும் குழாயிலிருந்து 10 அடியாவது உயரத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் தண்ணீர் நூலாக வரும். மூடியைக் கம்பியால் கட்டுங்கள். குரங்கு மூடியைத் திறந்து உள்ளே இறங்கிய தாங்கித் தண்ணீரை எவரும் பாவிக்கமாட்டார்கள்.

கிணற்றுக்கு மேலே வைத்த மோட்டார் சுமார் 25 அடிக்குக் கீழே இருந்து தண்ணீரை உறிஞ்சாது. மாரியில் வேலை செய்த அதே மோட்டார் கோடையில் நீர்மட்டம் இறங்கியதும் வெறுமையாகச் சுற்றி, உள்ளே சீல் எரிந்து போகும். மோட்டார் பழுது என்று புதிது வாங்கிப் பூட்டினால் அதுவும் எரியும். ஆவணி கடைசியில் கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து பாருங்கள். 22 அடியைத் தாண்டினால் கிணற்றுக்குள் ஒரு தட்டு அமைத்து மோட்டாரை இறக்குங்கள், அல்லது நீருக்குள் அமிழும் மோட்டார் போடுங்கள். தண்ணீர் குறைந்தால் தானாக நிற்கும் மிதவை ஸ்விற்ச் ஒன்றையும் சேருங்கள். மோட்டார் விலையோடு பார்த்தால் அது கொசுறு.

நெடுநாள் பாவிக்காத கிணற்றை இறைத்து, சேறு எடுத்து, குளோரின் போட வேண்டும். 3 மீற்றர் விட்டக் கிணற்றில் 4 மீற்றர் தண்ணீர் நின்றால் அது ஏறத்தாழ 28,000 லீற்றர். 70 சதவீதக் குளோரின் தூள் 200 கிராமை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, தெளிவை மட்டும் கிணற்றைச் சுற்றி ஊற்றி, 12 மணித்தியாலம் விட்டு, மணம் போகும்வரை இறைத்துவிடுங்கள். வெள்ளம் ஏறிய கிணற்றுக்கு இந்த அளவு காணாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டு அளவு கேளுங்கள். மலக்குழி கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். முல்லைத்தீவுக் கரையோர மணலில் இன்னும் தள்ளியிருப்பது நல்லது.

குடிதண்ணீர் வேறு கதை. இங்கே கிணற்று நீரில் கல்சியம் கூட. கேத்திலில் வெள்ளைப் படை பிடிக்கும், குளிக்கும் குழாய்த் துளை அடைக்கும், தேசிக்காய்ப் புளியில் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். வவுனியா, முல்லைத்தீவின் சில பகுதிகளில் சிறுநீரக நோய்ப் பயத்தால் ஆட்கள் கிணற்று நீரைக் குடிப்பதில்லை, சுத்திகரித்த நீரைக் கலனில் வாங்குகிறார்கள். எந்தத் தண்ணீர் குடிக்க, எது புழங்க என்று வாடகைக்காரருக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். சுடுதண்ணீர்க் கருவி போடவே வேண்டாம். இந்த வெக்கையில் அதைக் கேட்கிறவர் குறைவு, கேட்டாலும் படை பிடித்து இரண்டு வருடத்தில் போகும்.

மின்சாரமும் கூரையும்

பழைய வீட்டில் மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் ஸ்விற்ச் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று முதலில் பாருங்கள். விழாவிட்டால் மாற்றும்வரை ஆளை ஏற்றக்கூடாது. நிலக்கம்பியைச் சுற்றிய மண் கோடையில் காய்ந்து வெடித்தால் பாதுகாப்புக் குறையும். அந்த இடத்தில் குளியலறைத் தண்ணீர் போய் விழும்படி வாய்க்கால் விடுவது மலிவான வழி. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி கடுமை. மின்னலோடு வயரில் பாயும் மிகை மின்னழுத்தத்தைத் தடுக்கும் கருவியைப் பிரதான பெட்டியில் பூட்டுங்கள். ஏசி போட்டே ஆகவேண்டும் என்றால் அதற்குத் தனி வயர், தனி ப்ரேக்கர்.

வீட்டுப் பாவனை மின் கட்டணம் படிப்படியாக ஏறும் அமைப்பு. ஒரே மீற்றரில் இரண்டு குடும்பம் இருந்தால் கூட்டுப் பாவனை மேல் படிக்கு ஏறி, இருவரும் கூடிய விலை கொடுப்பார்கள், சண்டை வீட்டுக்காரரிடம் வரும். பகுதியாக விடுவதென்றால் இரண்டாவது இணைப்புக்கு மின்சார அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். கிடைக்கும்வரை உள் மீற்றராவது பூட்டுங்கள். கட்டணம் உங்கள் பெயரில்தான் வரும், நிலுவையும் உங்கள் தலையில்தான். முற்பணத்திலிருந்து இரண்டு மாத மின் கட்டணத்தை ஒதுக்கி வையுங்கள்.

கூரைக்கு மேல் சாயும் கொப்புகளைக் கூரையிலிருந்து 12 அடி தள்ளி நிற்கும்படி வெட்டி ஒதுக்கினால் குரங்குத் தொல்லை பாதி குறையும். வைரமேறிய பனஞ்சிலாகையைக் கறையான் இலகுவில் தொடாது. இளம் பனையையும் மலிவு மரத்தையும் தின்று தீர்க்கும். கறையான் மருந்தை அத்திவார ஓரத்தில் அடிக்கொரு துளை போட்டு ஊற்றுவது வழக்கம். மாபிள் பதிக்க முன் செய்யுங்கள், பிறகு என்றால் மாபிளைத் துளைக்க வேண்டிவரும். யன்னல்களுக்கு நுளம்பு வலை கட்டாயம். வயலோரம், குளத்தோரம் உள்ள வீட்டில் வலை இல்லையென்றால் முதல் கிழமையே முறைப்பாடு வரும். இரணைமடுவின் கீழ்ப் பக்கம் உள்ளவர்கள் 2018 மார்கழி வெள்ளம் சுவரில் எவ்வளவு ஏறியது என்று அயலில் கேட்டு, பிளக் எல்லாவற்றையும் அந்த மட்டத்துக்கு மேலே உயர்த்துங்கள்.

உங்களுக்கென்று ஓர் அறை

ஆடியில் வந்து தங்கவும் வேண்டும், வாடகையும் வரவேண்டும் என்றால் ஓர் அறையைப் பிரித்து வையுங்கள். வெளியிலிருந்து நேரே போகும் கதவும், சேர்ந்த மலசலகூடமும் இருந்தால்தான் அது உதவும். விறாந்தையின் ஒரு பக்கத்தை மறித்துக் கதவு வைப்பது பெரும்பாலான வீடுகளில் முடியும். இந்த அறை வாடகையில் சேராது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். குசினியைப் பொதுவாகப் பாவிக்கலாம் என்ற ஏற்பாடு வேண்டாம். மூன்றாம் நாளே மனக்கசப்பு. வாடகைக் காலத்தின் நடுவில் ‘ஒரு மாதம் எழும்பி நில்லுங்கோ, நாங்கள் வருகிறோம்’ என்று கேட்கவும் கூடாது.

ஒப்பந்தம்

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சியோடு எழுதப்பட வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் விதி. கடையில் வாங்கிய அச்சுத் தாளில் கையெழுத்துப் போட்டு ஒரு வருடத்துக்கு விட்டால், சிக்கல் வரும் நாளில் அந்தத் தாள் கைகொடுக்காது. காலம் முடிந்தும் எழும்ப மறுப்பவரிடமிருந்து வீட்டை மீளப்பெற 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்கமான வழி ஒன்றை வைத்திருக்கிறது. எழுதிய ஒப்பந்தம் இல்லாதவர் அந்த வாசலுக்குப் போக முடியாது.

ஒப்பந்தத்தில் காலம், வாடகை எத்தனையாம் திகதி எந்த வங்கிக் கணக்குக்கு, முற்பணம் எவ்வளவு, அதிலிருந்து என்னென்ன கழிக்கலாம், எழும்ப எத்தனை மாத முன்னறிவித்தல், எத்தனை பேர் இருக்கலாம், வேறொருவருக்கு உள்வாடகை விடக்கூடாது என்பவை வரட்டும். மா, தேங்காய், பலா யாருக்கு என்றும் ஒரு வரி எழுதுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் வன்னியில் வாடகை வீட்டுச் சண்டையில் பாதி தேங்காயில் தொடங்கும்.

திறப்புக் கொடுக்கும் நாள் வீட்டின் ஒவ்வொரு சுவரையும், மின் மீற்றர் இலக்கத்தையும் படம் எடுத்து, இரு பகுதியின் தொலைபேசிக்கும் அனுப்புங்கள். கதிரை, கட்டில், ஃபான் எண்ணிக்கையைப் பட்டியலிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

நாள் வாடகைக்கே விடுவதென்றால்

சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் தங்குமிடமாகப் பதிந்து வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், பிரதேச சபையின் உரிமமும் தேவை. விருந்தினர் பதிவேட்டில் அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு இலக்கத்தை எழுதுங்கள். கட்டிலுக்கு மூன்று சோடி விரிப்பு வாங்குங்கள்: ஒன்று விரிப்பில், ஒன்று தோய்ப்பில், ஒன்று அலுமாரியில். மழைக்காலத்தில் இரண்டு சோடி காணாது, காயாது. மார்கழி விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வீதி சேறாக இருக்கும் என்பதை முன்பே சொல்லுங்கள். கலியாண வீட்டார் எட்டுப் பேர் என்று சொல்லி இருபது பேராக வருவார்கள். ஆளுக்கு இவ்வளவு மேலதிகம் என்று பதியும்போதே எழுதுங்கள், இல்லாவிட்டால் மலக்குழி நிரம்பிய பிறகு பேசுவதில் பயனில்லை.

வரி

2025 ஏப்ரல் முதல் தனிநபருக்கான வருடாந்த வரி விலக்கு 18 இலட்சம் ரூபாய். வேறு வருமானம் இல்லாத, இங்கே வசிக்கும் ஒருவரின் சிறு வாடகை அதற்குள் அடங்கும். நிறுவனம் மாதம் 100,000 ரூபாய்க்கு மேல் வாடகை தந்தால் 10 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் தரும். பிடித்ததற்குச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டில் வசிப்பவருக்கு விகிதம் வேறு, கணக்காளரிடம் போங்கள்.

திறப்பு வைத்திருப்பவர்

திறப்பை வைத்திருந்து வீட்டைப் பார்க்கும் வேலைக்கு உறவினரைத் தேடுவதைவிட 2 கிலோமீற்றருக்குள் இருப்பவரைத் தேடுங்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் சித்தப்பா எவ்வளவு நல்லவரானாலும் உடைந்த குழாய்க்கு அன்றே வரமாட்டார். சும்மா பார்த்துக்கொள்ளச் சொல்லாமல் மாதாமாதம் காசு கொடுங்கள். காசு வாங்காதவரிடம் கணக்குக் கேட்க வாய் வராது. வாடகையை அவர் கையில் வாங்க விடாதீர்கள், வங்கிக்கே வரட்டும். 5,000 ரூபாய் வரை அவர் தானே திருத்திப் பற்றுச்சீட்டுப் படம் அனுப்பலாம், அதற்கு மேல் உங்களிடம் கேட்க வேண்டும் என்று எல்லை வையுங்கள். எத்தனை வருடம் குடும்பத்தோடு வளவில் இருந்தாலும் பராமரிப்புக்காகவே இருக்கிறார் என்று ஒரு கடிதத்தில் எழுதி இரு பகுதியும் கையெழுத்திடுங்கள். பத்து வருடத் தொடர் ஆட்சியை வைத்து உரிமை கோரும் வழக்குகள் இப்படி எழுத்தில்லாத இடங்களில்தான் முளைக்கின்றன.

புரட்டாதி கடைசியில் அவர் ஏணி வைத்து ஏறி ஓட்டைப் பார்த்து, பீலியில் கிடக்கும் சருகை அள்ளி, படம் அனுப்பட்டும். ஐப்பசி பிறந்த பிறகு மேசனைக் கூப்பிட்டால் அவர் வயலில் நிற்பார்.